பாசியைப் படித்தால் சோறு கிடைக்குமா?

“டீச்சர், பாசியப் படிச்சா சோறு கிடைக்குமா?”

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், என் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு ஒரு தகப்பன் என்னிடம் கேட்ட கேள்வி இது. மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். ரப்பர் பூட்ஸைப் படிக்குக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு, காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பக்கத்தில் மகள். ஆறாம் படிவத்தில் என்னிடம் உயிரியல் படித்தவள், எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளி. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அவளோ முதல் தேர்வாக உயிரியல்தான் போடுவேன், அதிலும் பாசிகளைப் படிக்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

யோசிக்கக்கூட இல்லை நான். “பார்மசி போடச் சொல்லுங்கண்ணே. பாசியெல்லாம் அப்புறம் பொழுதுபோக்கா பார்த்துக்கலாம்” என்றேன். அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். நான் தேத்தண்ணி கலக்க உள்ளே போனேன். ஒரு குடும்பத்துக்கு நல்ல வழி சொல்லிவிட்டோம் என்ற நினைப்போடு அன்று இரவு நன்றாகத் தூங்கவும் செய்தேன். இருபத்திரண்டு வருடம் வகுப்பெடுத்த எனக்கு அந்தப் பதில் அத்தனை சுலபமாக வாயில் வந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சுலபம்தான் உறுத்துகிறது.

ஏன் அப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். விடியற்காலை பிரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் போனவள். மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. பாசி பிடித்த மரம் சீக்கிரம் காயாது என்று பாட்டி சொல்லுவாள். பட்டையில் பச்சை படர்ந்த மரங்களைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுத் தளத்தில் வழுக்கி விழுந்து அவள் இடுப்பு ஒடிந்ததும் பாசியால்தான். எங்கள் வீட்டில் பாசி என்றால் தேய்த்துக் கழுவ வேண்டிய ஒன்று. நானும் இன்றுவரை குளியலறைத் தரையில் குளோராக்ஸ் ஊற்றித் தேய்க்கிறவள்தான்.

சொல்லும் நமக்கு உதவவில்லை. குளத்தில் மிதப்பதும் பாசி, சுவரில் படர்வதும் பாசி, மரத்தில் மெத்தை மாதிரி வளர்வதும் பாசி. பச்சையாக இருக்கும் பயறுக்கும் பாசிப்பயறு என்று அதே பேர்தான். காதலன் தொட்டால் விலகி, விட்டால் பரவும் பசலைக்குச் சங்கப் புலவர் உவமை சொன்ன பாசி, ஊருணிக் கேணியின் நீர்ப்பாசி. அதற்கும் நான் இங்கே பேசுகிற, சுவரிலும் மரத்திலும் மெத்தை மாதிரி வளரும் பாசிக்கும் (ஆங்கிலத்தில் மாஸ்) உறவு மிகத் தூரம். மலாய்க்காரர்களுக்கும் இதே கதைதான்: லுமுட் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுவார்கள். நம் பேராக் கடற்கரையில் லுமுட் என்று ஒரு ஊரே இருக்கிறது. நீர்ப்பாசிக்கு இலை கிடையாது, தண்டு கிடையாது. நான் சொல்லும் பாசிக்கு இரண்டும் உண்டு, நுணுக்கமாகப் பார்க்கக் கண் வேண்டும், அவ்வளவுதான். உலகம் முழுக்க அவற்றில் ஏறத்தாழ 12,000 இனங்கள். இவற்றுக்கு நெருங்கிய உறவான ஈரல்வகைப் பாசிகளையும் (லிவர்வர்ட்) கொம்புவகைப் பாசிகளையும் (ஹார்ன்வர்ட்) சேர்த்தால் 20,000 வரை போகும். இந்த எண்களை வருடா வருடம் வகுப்பில் சொன்னவள் நான்தான்.

கால்வாய் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்

அந்தப் பெண் என் பேச்சைக் கேட்கவில்லை. உயிரியல்தான் போட்டாள், கிடைத்தது, போனாள். ஆறு வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு மறுநாள் முறுக்கு டப்பாவும் கையுமாக என் வீட்டுக்கு வந்தபோது பாசிகளில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன உருப்பெருக்கி தொங்கியது, நகைக் கடைக்காரர் வைத்திருப்பாரே, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. நான் ஏதோ கடமைக்கு, “சரி, இங்க என்ன பாசி இருக்கு, காட்டு” என்றேன்.

என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கால்வாய் ஓரத்தில் குந்தவைத்தாள். சிமெண்டு விளிம்பில் கருத்துக் காய்ந்து கிடந்தது ஒரு திட்டு. பத்து வருடமாக நான் தாண்டிப் போகும் திட்டு. உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிவைத்து, முகத்தை அந்தத் திட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னாள். பெரும்பாலானவர்கள் கண்ணைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் ஒன்றும் தெரிவதில்லையாம். பார்த்தேன். சுருட்டி வைத்த வெற்றிலை மாதிரி ஒவ்வொரு இலையும் இரு ஓரமும் உள்பக்கம் சுருண்டு, இறுக்கமாக நின்றது. “கண்ண எடுக்காதீங்க டீச்சர்” என்று சொல்லித் தன் தண்ணீர்ப் போத்தலிலிருந்து விரலில் ஒரு சொட்டு எடுத்து விட்டாள். சில நொடிதான். இலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, விரிந்து, வெளியே சாய்ந்தன. கருப்பு போய்ப் பச்சை வந்தது. ஒரு சின்னத் தோப்பு என் கண்ணுக்கு முன்னால் எழுந்து நின்றது.

ஹயோஃபிலா இன்வொலூட்டா என்று பேர் சொன்னாள். இன்வொலூட்டா என்றால் உள்ளே சுருண்டது. வெப்பமண்டல ஊர்களில் சுவர், கால்வாய், பாலத்தடி என்று எங்கும் வளர்வது. இதற்கு வேர் கிடையாது, வேர்போன்ற மெல்லிய இழைகள் பிடித்துக்கொள்ள மட்டும்தான். தண்ணீரை இலை முழுவதாலும் உறிஞ்சும். இலையின் பெரும்பகுதி ஒரே ஒரு செல் அடுக்குத்தான் என்பதால் நனைந்தவுடன் உயிர் வந்துவிடுகிறது. அத்தனையும் எனக்குத் தெரியும். தலைமுறை மாற்றத்தை மூன்று நிறப் பேனாவில் பலகையில் வரைந்து, விந்தணு நீந்திப்போக ஒரு துளி நீராவது வேண்டும் என்று சொல்லி, அதைத் தேர்வுக் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட ஒரு பாசியைப் பார்த்ததில்லை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, மழைத்தண்ணீர் விழும் கால்வாயில் இதே பாசி இருந்திருக்கும். ஒரு பிள்ளையையாவது எழுப்பி வெளியே கூட்டிப்போயிருக்கலாம். மூன்று நிமிட வேலை.

அங்கேயே குந்தியபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தப்பாக நினைத்துக்கொண்டு, “முட்டி வலிக்குதா டீச்சர்?” என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஏணி

மறுநாள் காலை அவள் அப்பா வேலை செய்யும் தோட்டத்துக்குப் போனோம். அப்போதுதான் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு உதிரிப் பழம் பொறுக்க வருவாளாம். குலை விழுந்த இடத்தில் சிதறிக் கிடக்கும் பழங்களைக் குனிந்து பொறுக்கி, நிமிரும்போது மூக்குக்கு நேராகச் செம்பனைத் தண்டு. வெட்டிய மட்டைகளின் அடிப்பாகம் தண்டில் செதில் செதிலாக நிற்கும், அந்த இடுக்குகளில் பன்னம் என்ற ஃபெர்ன் செடி, அதற்கு நடுவே வெளிறிய பச்சையில் ஒரு பாசி. “மத்ததெல்லாம் பச்சையா இருக்கு, இது மட்டும் ஏன் வெள்ளையா இருக்குன்னு தோணுச்சு டீச்சர். யார்கிட்டயும் கேட்கல.”

என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம் என்பது அதன் பேர். வெப்பமண்டலம் முழுக்கப் பனை வகை மரங்களின் தண்டில் விருப்பமாக வளர்வது. இதன் இலை மற்றப் பாசிகளைப்போல ஒற்றை அடுக்கு இல்லை, தடிப்பானது. நடுவில் ஒரு மெல்லிய பச்சைச் செல் அடுக்கு, அதன் இருபுறமும் உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுச் செல்கள். தண்ணீரைப் பிடித்துவைப்பது அந்த வெற்றுச் செல்கள்தான், வெளிறித் தெரிவதும் அவற்றால்தான். ஸ்போர் என்ற நுண்வித்துகள் இருக்கும் வித்துக்கூட்டின் வாயைச் சுற்றிப் பற்கள் இருக்கும். பொதுவாகப் பாசிகளுக்குப் பதினாறு, இதற்கு எட்டு. கிரேக்க மொழியில் அந்தப் பேருக்கு எட்டு இமைமயிர் என்று பொருள். காய்ந்த ஒரு கூட்டைத் தேடி எடுத்து அவள் எனக்குக் காட்டினாள். எண்ணிப் பார்த்தேன். எட்டுதான்.

அந்தத் தண்டுக்குக் கீழே நின்றுதான் நான் ஒரு ஆசிரியையாக, “இதெல்லாம் ஆதிகாலத்துச் செடி, இதிலேருந்துதான் பன்னம் வந்து, மரம் வந்தது, இல்லையா” என்று சொன்னேன். பலகையில் அப்படித்தான் வரைவேன்: அடியில் நீர்ப்பாசி, அதற்கு மேல் பாசி, பன்னம், ஊசியிலை மரம், உச்சியில் பூக்கும் செடி. கீழிருந்து மேலே ஒரு அம்புக்குறி. அவள் மெதுவாகச் சொன்னாள்: “பாசி இந்த மரத்துக்குப் பாட்டி இல்ல டீச்சர். பங்காளி.”

அப்புறம் அவள் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். தரைக்கு வந்த முதல் செடிகளின் தடயம் நுண்ணிய வித்துகளாகப் பாறையில் கிடைக்கிறது, ஏறத்தாழ 47 கோடி வருடத்துக்கு முந்தியது. அந்த ஆதிக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையில் பாசி, ஈரல்வகை, கொம்புவகை. இன்னொன்றில் பன்னமும் மரங்களும் நாம் சாப்பிடும் நெல்லும். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த அண்மைக்கால ஆய்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் காட்டுகின்றன. ஆக, இன்றைய பாசி நேற்றைக்கே நின்றுவிட்ட செடி இல்லை. மரம் நடந்த அதே 47 கோடி வருடத்தை அதுவும் நடந்திருக்கிறது, வேறு வழியில். மரம் உயரமாகக் கற்றுக்கொண்டது. பாசி முழுக்கக் காய்ந்துபோய், மழை வரும்வரை காத்திருந்து, மறுபடி எழக் கற்றுக்கொண்டது. நம் மலேசிய மலைகளில் டாசோனியா என்றொரு பாசி அரை மீட்டர்வரை வளர்கிறது, உலகத்திலேயே உயரமான பாசி இனம் அதுதான். அதற்கு மேல் வளர வேண்டிய அவசியம் அவற்றுக்கு வரவில்லை.

நான் அந்த இடத்தில் வாயடைத்து நின்றதற்குக் காரணம் பாடம் தவறியது மட்டும் இல்லை. என் மனதில் இன்னொரு ஏணியும் இருந்தது. டாக்டர் உச்சி, அடுத்தது பல் டாக்டர், பார்மசி, எஞ்சினியர், கணக்காய்வு, எல்லாவற்றுக்கும் அடியில் சும்மா உயிரியல். தோட்டத்துப் பிள்ளைகளை அந்த ஏணியில் எத்தனை படி ஏற்ற முடியும் என்றுதான் இருபத்திரண்டு வருடமும் பார்த்தேன். நல்ல மனதோடுதான் பார்த்தேன். ஆனால் ஒரு பிள்ளை தண்டுக்கு முன்னால் நின்று என்ன பார்க்கிறாள் என்று கேட்க அந்த ஏணி என்னை விடவில்லை.

டாக்டர்கள், ஒரு பாதிரியார், இன்னும் சிலர்

சரி, தகப்பன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது சோற்றுக் கேள்வி. அதை ஏற்றிவைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை, அவருக்கு ஒரு நேரான பதில் வேண்டும்.

அதற்காகவே பாசிகளைப் படித்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தேடிப் படித்தேன். கிட்டத்தட்ட எல்லாப் பாசிகளின் அறிவியல் பேர்களுக்கும் தொடக்கப் புள்ளி 1801இல் வெளிவந்த ஒரு நூல். எழுதியவர் யோகான் ஹெட்விக், வெளிவருமுன்பே இறந்துவிட்டார். செம்பனைத் தண்டில் நான் பார்த்த அந்த வெளிறிய பாசிக்குப் பேர் தந்ததும் அவர்தான். தொழில் என்னவென்றால், டாக்டர். ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் 40 கோடி வருடத்துக்கு முந்தைய செடிகள், வெந்நீர் ஊற்றின் சிலிக்காவில் ஊறிக் கல்லாகி, செல் செல்லாகத் தெரியும்படி கிடக்கின்றன. அந்தக் கல்லை 1912இல் கண்டெடுத்த வில்லியம் மக்கியும் டாக்டர். இந்தியாவில் ஈரல்வகைப் பாசிகளின் ஆய்வுக்கு வழிபோட்ட சிவராம் காஷ்யப் முதலில் மருத்துவம் படித்தவர். நம் பழனி மலையின் பாசிகளைப் பொறுக்கி, 1961இல் அவற்றின் பட்டியலை வெளியிட்ட ஃபோரோ, கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார்.

இதைப் படித்தவுடன் எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல். நான் சொன்னது சரிதானே, பிழைப்புக்கு மருந்து, பொழுதுபோக்குக்குப் பாசி! ஆளைப் பார்த்தபோது இதை அவளிடமே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “அவங்களுக்கு நேரம் இருந்துச்சு டீச்சர். நான் மருந்துக் கடையில பத்து மணி நேரம் நின்னுட்டு வந்து எப்ப பார்க்கிறது? எனக்கு இதுதான் வேலை, இதுக்குத்தான் சம்பளம் வேணும்” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்ன இன்னொரு பேர் இசபெல் குக்சன். 1893இல் மெல்பர்னில் பிறந்தவர், அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபடி வாழ்க்கை முழுக்கத் தொல்செடிகளையும் வித்துகளையும் படித்தவர். இலையே இல்லாமல், சில சென்டிமீட்டர் உயரத்தில் கவட்டை கவட்டையாகப் பிரிந்து, நுனியில் வித்துக்கூட்டோடு நிற்கும் 43 கோடி வருடத்துச் செடி ஒன்றுக்கு 1937இல் குக்சோனியா என்று பேர் வைத்தார் தாவரவியலாளர் வில்லியம் லாங், குக்சனைப் பெருமைப்படுத்த. அந்தப் பேரையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது ஒரு பெண்ணின் பேர் என்பதை என் மாணவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நேரான பதில் இதுதான்: சோறு கிடைக்கும், ஆனால் ஒழுங்கான நேரத்துக்குக் கிடைக்காது. அவள் வேலை ஆராய்ச்சி நிதியோடு ஓடுகிறது. நிதி முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். ஒரு நிதிக்கும் அடுத்த நிதிக்கும் நடுவில் ஏழு மாதம் ஒன்றும் இல்லாமல், வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சமாளித்தாள். அந்த ஏழு மாதமும் அவள் அப்பா வாய் திறக்கவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். நிலையான இடங்கள் இருக்கின்றன, பல்கலைக்கழகங்கள், கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகம், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. ஆனால் அங்கே பாசிக்காரர்களுக்கு நாற்காலி கொஞ்சம்தான். தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர்ப் பாசிகளுக்கு ஹாஜி முகமதுவும் பெனிட்டோ டானும் சேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது 1988இல். அதுவரை தெரிந்த பாசி அத்தனையையும் இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். நம் மலைகளில் இன்னும் எண்ண வேண்டியது எத்தனையோ, ஆள்தான் இல்லை. இதையெல்லாம் அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கஷ்டத்தையும் சொல்லி, வேலையையும் சொல்லி, முடிவை அவர்களிடம் விட்டிருக்க வேண்டும். தெரியாத ஒன்றுக்கு நான் “பொழுதுபோக்கு” என்று பேர் வைத்துவிட்டேன்.

அவள் வேலையை ஒருமுறை முழு நாள் கூட இருந்து பார்த்தேன். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி, பிரிஞ்சாங் உச்சிக்குப் பக்கத்துப் பாசிக்காடு. 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மேகம் மரத்துக்குள்ளேயே வந்து நிற்கும் இடம். கிளை, வேர், விழுந்த கட்டை எல்லாம் பாசி போர்த்தி, காட்டுக்கே கம்பளிச் சட்டை போட்ட மாதிரி இருந்தது. கையை வைத்தால் மணிக்கட்டுவரை உள்ளே போகிறது, எடுத்தால் தண்ணீர் சொட்டுகிறது. மழையே பெய்யவில்லை, மூடுபனியிலிருந்து பிடித்த தண்ணீர் அது. ஒரு சிட்டிகை அளவு மட்டும் எடுப்பாள், மடித்த காகித உறைக்குள் போடுவாள், மேலே பென்சிலால் எழுதுவாள்: இடம், உயரம், எதன்மேல் வளர்ந்தது, நிழலா வெயிலா. மற்றச் செடிகளைப்போல இதை அழுத்திக் காயவைக்க வேண்டியதில்லை, காற்றில் ஆறினால் போதும். அப்புறம் ஆய்வுக்கூடத்தில் சவர பிளேடால் அந்த இலையையும் குறுக்கே நறுக்கி நுண்ணோக்கியில் வைப்பாள். கண்ணுக்குத் தெரியாத இலையைக் கையால் நறுக்குவது! என் பாட்டி பட்டையில் ஆழம் தவறாமல் கத்தி இழுப்பாள், மரத்துக்குக் காயம் படாது. அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது.

உலர்தாவரக் கூடத்தில் மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 சுதந்திரத்துக்கு, முன்னால் யாரோ சேகரித்த ஒரு உறையைத் திறந்து, ஒரே ஒரு இலைக்கொத்தில் வெதுவெதுப்பான நீர் விட்டதை அவள் எனக்குச் சொன்னாள். உயிர் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் இலை விரிந்ததாம், எழுபது வருடத்துக்கு முந்தின ஒரு காலையில் எப்படி இருந்ததோ அப்படி.

போன மாதம் அவள் அப்பா வந்தார். இப்போதும் அதே நாற்காலியின் நுனிதான். அவர் தோட்டத்தில் ஒரு பகுதியில் மரங்களுக்கு வயதாகிவிட்டது, வெட்டி மறு நடவு போடப்போகிறார்கள். மகள் கோலாலம்பூரிலிருந்து வர இன்னும் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் மரம் சாய்ந்துவிடும். தமிழ்ப் பத்திரிகைத் தாளில் மடித்த பதினொரு பொட்டலங்களை மேசையில் அடுக்கினார். “ஈரத்தோட பையில வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கா டீச்சர், நிழல்ல ரெண்டு நாள் காயவச்சேன். நீங்க நாளைக்கு பஸ்ல கொடுத்து அனுப்பிடுங்க.” ஒவ்வொன்றின் மேலும் குலைக் கணக்கு எழுதும் அதே கையெழுத்து. மேலே இருந்ததை எடுத்துப் படித்தேன்: “ஏழாம் பிளாக், ஆத்தோரம், மூணாவது நிரை. செம்பனை. இடுப்பு உயரம், கிழக்குப் பக்கம். நிழல். வெள்ளைப் பாசி, கூடு இருக்கு.”